ஃபார்மட் செய்த பிறகும் மீண்டு வந்த கோப்புகள்: கணினியைக் கைமாற்றும் முன் தரவை உண்மையில் அழிப்பது எப்படி?

கேள்வி: இரவுத்தட்டச்சு

என்னிடம் இரண்டு மடிக்கணினிகள் உள்ளன. ஒன்றில் 500 ஜி.பி. கொள்ளளவுள்ள, சுழலும் வகையைச் சேர்ந்த வன்தட்டு இருக்கிறது. மற்றொன்றில் 512 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் இயக்ககம்; என்.வி.எம்.இ. என்பது அதன் இணைப்பு முறை) இருக்கிறது. இரண்டையும் விரைவில் வேறு இருவருக்குக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்பதால், எப்போதும் செய்வதுபோல் கோப்புகளை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, தரவு வைத்திருந்த பகுதியை விரைவு ஃபார்மட்டும் செய்தேன். அத்துடன் நிறுத்தியிருப்பேன், ஆனால் ஏதோ ஓர் ஆர்வத்தில், இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை அந்த வன்தட்டின்மீது இயக்கிப் பார்த்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நீக்கிய புகைப்படங்கள், வங்கி அறிக்கைகள், ஒரு நண்பருக்காக வருடி வைத்திருந்த கடவுச்சீட்டின் நகல் என ஆயிரக்கணக்கான கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றுள் ஏறத்தாழ பாதி, பழைய பெயரும் கோப்புறையும் மாறாமல் வந்தன. மீதிப் பாதிக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள் மட்டுமே இருந்தன.

இதே சோதனையை எஸ்.எஸ்.டி. உள்ள கணினியின் தரவுப் பகுதியில் செய்தபோது ஒரு கோப்பு கூட மீளவில்லை. பகுதி முழுவதும் சுழியங்களாகவே தெரிந்தது. ஆகவே எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மட் செய்தாலே போதும் என்று முடிவு செய்துகொள்ளலாமா? வன்தட்டில் மட்டும் ஏன் எல்லாம் அப்படியே இருக்கின்றன? அதன்மீது எத்தனை முறை மேலெழுதினால் நிம்மதியாகக் கொடுக்கலாம்? காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: சுழல்தட்டு

நீங்கள் சோதித்துப் பார்த்ததே நல்ல செயல்; பெரும்பாலோர் ஃபார்மட் முடிந்தது என்ற செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். வன்தட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. அதை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு கோப்பை நீக்கும்போது இயங்குதளம் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. கோப்பு முறைமை வைத்திருக்கும் அட்டவணையில், அந்தக் கோப்பு இருந்த இடம் இனி பயன்பாட்டில் இல்லை என்று குறித்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டா மட்டும் ரத்தாவதைப் போன்றது இது. பல ஜி.பி. அளவுள்ள கோப்பு கூட ஒரு நொடியில் நீங்கிவிடுவதற்கு இதுவே காரணம். வேறு ஏதேனும் ஒரு கோப்பு அதே இடத்தில் வந்து எழுதப்படும் வரை பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அது ஒரு மணி நேரத்தில் நடக்கலாம். தட்டில் காலியிடம் மிகுதியாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் நடக்காமலும் போகலாம். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய படங்கள் உங்களுக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

பழைய ஃபேட் முறைமையில், நீக்கப்பட்ட கோப்பின் பெயரில் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்னும் எண் எழுதப்படும். பெயரின் மீதி அப்படியே இருக்கும். அக்கால மீட்புக் கருவிகள் அந்த முதல் எழுத்தை நம்மிடமே கேட்டு வாங்கிக்கொண்டதை இங்கே சிலர் நினைவுகூரக்கூடும். இன்றைய விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மைக் கோப்பு அட்டவணையில் பொதுவாக 1024 பைட்டுகள் கொண்ட ஒரு பதிவு உண்டு. நீக்கும்போது அந்தப் பதிவில் 'பயன்பாட்டில் உள்ளது' என்னும் குறி மட்டும் மாறுகிறது. ஏறத்தாழ 700 பைட்டுகளுக்கு உட்பட்ட மிகச் சிறிய கோப்புகளின் உள்ளடக்கமே அந்தப் பதிவுக்குள்தான் வைக்கப்படுகிறது. கடவுச்சொற்களைக் குறித்து வைத்த சிறிய உரைக்கோப்புகள் மீட்பில் எளிதாக அகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதிக்குப் பெயர் இருந்து, பாதிக்கு இல்லாமல் போனதையும் இதைக் கொண்டே விளக்கிவிடலாம். விரைவு ஃபார்மட் புதிய, சிறிய அட்டவணை ஒன்றை எழுதுகிறது. பழைய அட்டவணையின் தொடக்கப் பகுதி மட்டுமே அதனால் மறைகிறது. தப்பிய பதிவுகளிலிருந்து மீட்பு மென்பொருள் பெயரையும் கோப்புறையையும் எடுத்துக்கொண்டது. மற்றவற்றை அது தட்டின் முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்பது தட்டு படித்து எழுதும் மிகச் சிறிய பகுதி) கடைசி செக்டர் வரை படித்து, கோப்பு வகைகளின் தொடக்க அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கும். ஒவ்வொரு ஜேபெக் படமும் 255, 216, 255 என்னும் மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அந்த வரிசையைக் கண்ட இடத்தில் ஒரு படம் தொடங்குகிறது என்று அது கொள்ளும். இந்த வழியில் மீட்கப்படுவனவற்றுக்குப் பெயர் இராது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் முழுமையாகவும் வாரா.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. தனித்தனிக் கோப்பாக அழிக்க முயலாமல், தட்டு முழுவதையும் ஒருமுறை சுழியங்களாலோ தற்போக்கு (ரேண்டம்) எண்களாலோ நிரப்பிவிடுங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, nwipe என்னும் அழிப்புக் கருவி போன்ற ஒன்றைக் கொண்டு இதைச் செய்யலாம். தரவுப் பகுதி மட்டும் என்றால், விண்டோஸிலேயே விரைவு ஃபார்மட் என்னும் தேர்வை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்வதும் உதவும். விஸ்டா தொடங்கி வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் பகுதி முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. எக்ஸ்பி வரையிலான பதிப்புகளில் அது பழுதான செக்டர்களைத் தேடுவதோடு நின்றது என்பதால், அந்தக் காலத்து அறிவுரைகளை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தட்டு முழுவதும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆவணத்தை நீங்கள் திறந்தபோது அதன் துண்டுகள் இயங்குதளத்தின் நினைவக மாற்றுக் கோப்பிலும், கணினியை உறங்கவைத்தபோது எழுதப்பட்ட ஹைபர்னேஷன் கோப்பிலும், சொற்செயலியின் தற்காலிக நகல்களிலும், படங்களின் சிறுவுருவத் தொகுப்பிலும் படிந்திருக்கும். மூலக் கோப்பை மட்டும் எத்தனை கவனமாக அழித்தாலும் இவை எஞ்சும்.

கார்ஃபின்கல், ஷெலட் என்னும் இரு ஆய்வாளர்கள், கைமாறி வந்த 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயங்கிய 129 தட்டுகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மீதியுள்ளவற்றின் முந்தைய உரிமையாளர்களுள் பலர் உங்களைப் போலவே ஃபார்மட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள்தாம்.

மறுமொழி 2: இரும்புக்கை

ஒருமுறை மேலெழுதினால் போதும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மேலெழுதிய பிறகும் பழைய காந்தத் தடம் அடியில் மங்கலாக எஞ்சியிருக்கும் என்றும், தகுந்த நுண்ணோக்கி இருந்தால் அதைப் படித்துவிடலாம் என்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். குட்மன் முறையில் 35 முறை எழுதுவதே பாதுகாப்பானது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் சுத்தியலால் ஓர் அடி அடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுங்கள். எந்த மென்பொருளையும் நம்பியிருக்க வேண்டிய தேவை இராது.

மறுமொழி 3: அரைகுறைப்பொறியாளர்

இந்த 35 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அக்காலத்து வன்தட்டுகள் பிட்டுகளைக் காந்த மாற்றங்களாக எழுதுவதற்கு எம்.எஃப்.எம்., ஆர்.எல்.எல். எனப் பல குறிமுறைகளைக் கையாண்டன. ஒவ்வொரு குறிமுறைக்கும் மிகப் பொருத்தமாக அமையும் எண் கோலங்கள் வேறுவேறு. உங்கள் தட்டு எந்தக் குறிமுறையைச் சேர்ந்தது என்று தெரியாத நிலையில், எல்லாவற்றுக்குமான கோலங்களையும் சேர்த்து எழுதிவிட்டால் ஏதேனும் ஒரு தொகுதி பொருந்திவிடும் என்பதே அவருடைய கணக்கு. முதலில் 4 தற்போக்குச் சுற்றுகள், இடையில் 27 குறிப்பிட்ட கோலங்கள், இறுதியில் மீண்டும் 4 தற்போக்குச் சுற்றுகள், மொத்தம் 35. அன்றைக்குக் கூட ஒரு தனித் தட்டுக்கு 35 சுற்றுகளும் தேவைப்பட்டதில்லை. அதற்குரிய சில கோலங்களே போதுமானவையாக இருந்தன. அந்தப் பழைய குறிமுறைகள் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. குட்மனே பின்னர் தம் கட்டுரைக்குச் சேர்த்த பின்குறிப்பில், மக்கள் இந்த 35 சுற்றுகளைப் பேயோட்டும் மந்திரம்போல் எடுத்துக்கொண்டார்கள் என்ற பொருள்பட எழுதி, புதிய தட்டுகளுக்கு ஒருசில தற்போக்குச் சுற்றுகளே செய்யக்கூடியதில் சிறந்தவை என்று கூறிவிட்டார். எழுதியவரே கைவிட்டதை நாம் இன்னும் தூக்கிச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

நுண்ணோக்கியால் ஓரிரு பிட்டுகளின் பழைய நிலையை ஊகிப்பது வேறு. இலட்சக்கணக்கான பிட்டுகளைப் பிழையின்றி வரிசையாகப் படித்து ஒரு கோப்பை மீட்பது வேறு. இன்றைய தட்டுகளில் தடங்கள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், முழுவதும் மேலெழுதப்பட்ட ஒரு வன்தட்டிலிருந்து பயன்படக்கூடிய கோப்பு ஒன்றை மீட்டுக் காட்டியதாக ஆதாரத்தோடு எவரும் வெளியிட்டதை நான் பார்த்ததில்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டியின் முதல் திருத்தப் பதிப்பும், காந்தத் தட்டுகளுக்குச் சுழியம் போன்ற ஒரு நிலையான மதிப்பைக் கொண்டு ஒரே ஒருமுறை மேலெழுதுவதே ஆய்வகக் கருவிகள் கொண்டு மீட்பதைக்கூடப் பொதுவாகத் தடுத்துவிடும் என்கிறது. மூன்று சுற்றுகளுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 5220.22-எம் ஆவணம் அதைவிடப் பழையது.

நேரக் கணக்கையும் பாருங்கள். உங்கள் 500 ஜி.பி. தட்டு நொடிக்கு 80 எம்.பி. வேகத்தில் எழுதும் என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 35 சுற்றுகளுக்கு இரண்டரை நாள்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். வயதான தட்டு அதற்குள் பழுதாகிவிட்டால், பாதி அழிந்தும் பாதி அழியாமலும் நிற்கும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு நீங்கள் விழிக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை எழுதும் முறையில் உண்மையாகவே ஒரு குறை உண்டு. ஆனால் அதை 35 முறை எழுதினாலும் தீர்க்க முடியாது. ஒரு செக்டர் பழுதாகத் தொடங்கினால், தட்டே அதை ஒதுக்கிவிட்டு அதற்குப் பதிலாகச் சேமிப்பில் உள்ள வேறொரு செக்டரைப் பயன்படுத்தத் தொடங்கும். ஒதுக்கப்பட்டதில் பழைய தரவு இருக்கலாம். வெளியிலிருந்து எழுதும் எந்த மென்பொருளும் அதைத் தொட முடியாது. தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் எண்ணுள்ள வரி இப்படி மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைச் சொல்லும். அது சுழியமாக இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், தட்டின் உள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் ஆணையின் மேம்பட்ட வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஒதுக்கப்பட்ட செக்டர்களையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்பது அந்த ஆணைக்கான வரையறை.

மறுமொழி 4: மின்னேற்றம்

எஸ்.எஸ்.டி.யில் எதுவும் மீளவில்லை என்ற உங்கள் கவனிப்பு சரியானது. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் சற்றுத் திருத்த வேண்டும்.

எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் தரவு பக்கம் பக்கமாக எழுதப்படுகிறது; ஒரு பக்கம் பெரும்பாலும் 4 முதல் 16 கே.பி. வரை இருக்கும். ஒருமுறை எழுதிய பக்கத்தின்மீது மறுபடியும் எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ, நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு முழுத் தொகுதியாக மட்டுமே இயலும். அதிலும் ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான் அழிப்பைத் தாங்கும். இந்தக் கட்டுப்பாடுகளைச் சமாளிக்க, உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி ஓர் இடமாற்று அட்டவணையை வைத்துக்கொண்டு, இயங்குதளம் கேட்கும் முகவரிக்கும் சில்லில் உள்ள உண்மையான இடத்துக்கும் நடுவே நிற்கிறது. நீங்கள் ஒரு கோப்பின்மீது சுழியங்களை மேலெழுதினால், அந்தச் சுழியங்கள் வேறு ஏதோ ஒரு காலிப் பக்கத்தில் போய் எழுதப்படும். முகவரி புதிய பக்கத்தைச் சுட்டும். பழைய பக்கம், பழைய தரவோடு, எப்போதாவது துப்புரவு செய்யப்படும் வரை காத்திருக்கும். ஆகவே வன்தட்டுக்குச் சரியாக வேலை செய்யும் கோப்பு அழிப்பான்கள் இங்கே வேலை செய்வதுபோல் தோற்றம் மட்டும் காட்டும். 2015இல் ஆப்பிள் தன் இயங்குதளத்திலிருந்து 'பாதுகாப்பாகக் குப்பையைக் காலி செய்' என்னும் வசதியையே நீக்கிவிட்டது. ஃபிளாஷ் சேமிப்பகங்களில் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நீங்கள் கண்ட சுழியங்களுக்கு வருவோம். விண்டோஸ் 7 முதலாகவே, கோப்பு நீக்கப்படும்போதும் ஃபார்மட் செய்யப்படும்போதும், இந்த முகவரிகளில் உள்ளவை இனி தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் டிரிம் என்னும் ஆணை அனுப்பப்படுகிறது. அதைப் பெற்ற கட்டுப்படுத்தி அந்த முகவரிகளை அட்டவணையிலிருந்து விடுவித்துவிடும். பிறகு அவற்றைப் படிக்கக் கேட்டால், பெரும்பாலான எஸ்.எஸ்.டி.கள் சில்லைப் பார்க்காமலேயே சுழியங்களைத் திருப்பித் தரும். உங்கள் மீட்பு மென்பொருள் கண்டது கட்டுப்படுத்தி சொன்ன விடையை. சில்லில் உள்ளதை அன்று. சில்லில் உள்ள பக்கங்கள் சில நிமிடங்களில் அழிந்திருக்கலாம், வேலை வராததால் இன்னும் அழியாமலும் இருக்கலாம். சில்லைக் கழற்றி நேரடியாகப் படிக்கும் கருவியும் திறமையும் உள்ளவருக்கு மட்டுமே அவை எட்டும் என்பது உண்மை. உங்கள் மடிக்கணினியைப் பெறப்போகிறவர் அப்படிப்பட்டவராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால், நடைமுறையில் நீங்கள் ஏற்கெனவே பாதி தூரம் கடந்துவிட்டீர்கள்.

ஆனால் டிரிம் எப்போதும் போய்ச் சேரும் என்றும் நம்பிவிட வேண்டாம். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் பல உறைகள் அதைக் கடத்துவதில்லை. அப்படிப்பட்ட உறைக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யை விரைவு ஃபார்மட் செய்தால், வன்தட்டில் நடந்ததே அங்கும் நடக்கும்.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சில்லுகளை நேரடியாகப் படிக்கும் அமைப்பொன்றை உருவாக்கி, 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். தனிக் கோப்பை அழிப்பதற்கான முறைகளுள் ஒன்று கூட நம்பத்தக்கதாக இல்லை. எஸ்.எஸ்.டி. முழுவதையும் இருமுறை மேலெழுதுவது பெரும்பாலான நேரங்களில் போதுமானதாக இருந்தது. எல்லா நேரங்களிலும் இல்லை. விளம்பரப்படுத்தும் கொள்ளளவைவிடச் சில்லுகளின் மொத்த அளவு எப்போதும் சற்று அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். 7 விழுக்காடு கூடுதல் என்பது சாதாரணம். அந்தக் கூடுதல் இடத்துக்குள் எது கிடக்கிறது என்பது வெளியே தெரியாது. என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. உள்ளமைந்த அழிப்பு ஆணை, சரியாக அமைக்கப்பட்ட எஸ்.எஸ்.டி.களில் முழுமையாக அழித்தது. ஆனால் ஒன்றில் ஆணை வெற்றி என்று அறிவித்துவிட்டுத் தரவு அனைத்தையும் அப்படியே விட்டிருந்தது.

அன்றைய நிலைமை இன்று பெரிதும் மேம்பட்டுள்ளது. உங்களுடையது என்.வி.எம்.இ. என்பதால், அதன் ஃபார்மட் ஆணையில் பயனர் தரவு அழிப்பு என்னும் தேர்வையோ, ஆதரவு இருந்தால் சானிடைஸ் ஆணையையோ பயன்படுத்துங்கள். விண்டோஸ் ஃபார்மட்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. சானிடைஸ் தொடங்கிய பிறகு மின்சாரம் நின்றாலும், மீண்டும் இயங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். முடியும் வரை எதையும் படிக்க விடாது. பல மடிக்கணினிகளின் பயாஸ் அமைப்பிலேயே (இயங்குதளம் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) இதற்கான தேர்வு இருக்கும். இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர் தரும் கருவியை நாடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது, தரவை எழுதும்போதே மறையாக்கம் (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்து எழுதுவது. முதல் நாளிலிருந்தே விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட், லினக்ஸின் லக்ஸ் போன்ற ஒரு மறையாக்க வசதியை இயக்கி வைத்திருந்தால், ஒதுக்கப்பட்ட தொகுதியிலும் கூடுதல் இடத்திலும் கிடப்பவை எல்லாம் திறவுகோல் இல்லாமல் பொருளற்ற எண்களே. அப்போது 512 ஜி.பி.யை அழிக்க வேண்டிய தேவை போய், சில பைட்டுகள் கொண்ட திறவுகோலை அழித்தால் போதும் என்றாகிறது. இக்காலக் கைப்பேசிகளில் ஃபேக்டரி ரீசெட் சில நிமிடங்களில் முடிவதும் இதனால்தான். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கருவிகளுக்கு மறையாக்கம் கட்டாயமாகிவிட்டது.

இரவுத்தட்டச்சு

அனைவருக்கும் நன்றி. சுழியங்களைப் பார்த்து நான் ஏமாந்தது இப்போது விளங்குகிறது. மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன.

எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் கடந்த ஆண்டுதான் பிட்லாக்கரை இயக்கினேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் மறையாக்கம் இல்லாமலே பயன்படுத்தினேன். இப்போது திறவுகோலை மட்டும் அழித்தால் போதுமா? அடுத்து, என்னிடம் சுழலவே மறுக்கும் ஒரு பழைய 2.5 அங்குல வன்தட்டும் இருக்கிறது. கணினி அதை அடையாளம் காண்பதில்லை. இயங்காத தட்டில் உள்ளதை யார் படிக்கப்போகிறார்கள் என்று அப்படியே போட்டுவிடலாமா? கடைசியாக, பென் டிரைவுகளுக்கு என்ன செய்வது?

மறுமொழி 5: மின்னேற்றம்

பிட்லாக்கரை இயக்கும்போது 'பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும்' என்றும் 'முழு இயக்ககத்தையும்' என்றும் இரண்டு தேர்வுகள் வந்திருக்கும். முதலாவது விரைவாக முடியும் என்பதால் பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அது புதிய கணினிக்கு உரியது. இரண்டு ஆண்டுகள் புழங்கிய இயக்ககத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால், முன்பே நீக்கப்பட்டுக் காலியிடத்தில் கிடந்தவை மறையாக்கம் பெறாமல் அப்படியே இருக்கும். முழு இயக்ககத்தையும் தேர்ந்தெடுத்திருந்தாலும், அதற்கு முன் ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் பழைய தரவு திறந்த நிலையில் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே உங்கள் நிலைமையில் திறவுகோலை அழிப்பதோடு நிறுத்தாமல், நான் முன்னர் சொன்ன உள்ளமைந்த அழிப்பையும் செய்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. தானே மறையாக்கம் செய்துகொள்கிறது என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பியிருப்பதும் நல்லதன்று. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல், அப்படிப்பட்ட சில எஸ்.எஸ்.டி.களில் கடவுச்சொல் இல்லாமலே தரவை எடுக்க முடிவதைக் காட்டினார்கள். அதன் பிறகு மைக்ரோசாஃப்ட், பிட்லாக்கர் இயல்பாக வன்பொருள் மறையாக்கத்தைச் சார்ந்திராமல் தானே மென்பொருளில் செய்யும்படி 2019இல் மாற்றியமைத்தது.

பென் டிரைவுகளிலும் மெமரி கார்டுகளிலும் பெரும்பாலும் டிரிமும் இல்லை, உள்ளமைந்த அழிப்பு ஆணையும் இல்லை. முழுக் கொள்ளளவையும் இருமுறை மேலெழுதுவதுதான் செய்யக்கூடியது. அது எளிய மீட்பு மென்பொருளைத் தடுக்கும். உள்ளே இருந்தது உண்மையிலேயே பிறர் கண்ணில் படக்கூடாதது என்றால், பென் டிரைவைக் கைமாற்றாமல் உறையைப் பிரித்து நினைவகச் சில்லையே உடைத்துவிடுங்கள்.

மறுமொழி 6: சுழல்தட்டு

சுழலாத தட்டைப் பற்றி. மின்சுற்றுப் பலகையோ, மோட்டாரோ, படிக்கும் தலையோ பழுதானால் தட்டு இயங்காது. காந்தப் பரப்பில் உள்ள தரவுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. 2003இல் கொலம்பியா விண்வெளி ஓடம் வளிமண்டலத்தில் சிதைந்தபோது உடைந்து விழுந்த பொருள்களுக்கிடையே, செனான் வாயு பற்றிய ஒரு சோதனையின் அளவீடுகளைக் கொண்ட வன்தட்டும் கிடைத்தது. வெப்பத்தில் உருகிக் கருகிப்போயிருந்த அதிலிருந்து தரவு ஏறத்தாழ முழுமையாக மீட்கப்பட்டு, அந்தச் சோதனையின் முடிவுகள் 2008இல் வெளியாயின. இயங்கவில்லை என்பதற்காக எவரும் நிம்மதி அடைய வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதேபோல், சுத்தியலால் ஓர் அடி என்று மேலே நண்பர் சொன்னதும் போதாது. வெளி உறை நசுங்கி, உள்ளே தட்டு முழுதாக இருந்துவிட வாய்ப்புண்டு. உறையைத் திறந்து தட்டை எடுத்தே சிதைக்க வேண்டும். உங்களுடையது 2.5 அங்குலம் என்பதால், உள்ளே உள்ள தட்டு பெரும்பாலும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருக்கும். அடித்தவுடன் ஊசி ஊசியாகத் தெறிக்கும். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தட்டைத் தடித்த துணிக்குள் சுற்றிவைத்து உடையுங்கள். 3.5 அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியம். அவற்றை வளைத்தோ, பரப்பு முழுவதையும் சுரண்டியோ, பல இடங்களில் துளையிட்டோ கெடுக்க வேண்டும்.

தட்டுகளை மொத்தமாக அழிப்போர் டீகாஸர் என்னும் வலுவான காந்தக் கருவியைப் பயன்படுத்துவதும் உண்டு. அது தரவோடு சேர்த்து, படிக்கும் தலை தன் இடத்தை அறிந்துகொள்ளத் தடங்களில் எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிகளையும் அழித்துவிடுவதால், தட்டு மீண்டும் பயன்படாது. எஸ்.எஸ்.டி.யில் தரவு மின்னேற்றமாக இருப்பதால் அந்தக் கருவி அங்கே எதையும் செய்யாது. வீட்டில் இருக்கும் சாதாரணக் காந்தத்தை வன்தட்டின் மேல் தேய்ப்பதும் அப்படியே பயனற்றது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், இது கேள்வியின் எல்லையைச் சற்றுத் தாண்டினாலும். இத்தனை சிரமப்பட்டு அழித்த அதே கடவுச்சீட்டு நகல், மேகச் சேமிப்பகத்தின் குப்பைத்தொட்டியிலும், வெளிப்புறக் காப்புப்பிரதித் தட்டிலும், அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரவுத்தட்டச்சு

செய்தவற்றைப் பதிவு செய்கிறேன். வன்தட்டின் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் வரி சுழியமாக இருந்ததால், ஒருமுறை சுழியங்களால் நிரப்பினேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. பிறகு அதே மீட்பு மென்பொருளை முழு ஆழத்தில் இயக்கினேன். ஒரு கோப்பும் வரவில்லை. எஸ்.எஸ்.டி.க்கு லினக்ஸிலிருந்து என்.வி.எம்.இ. ஃபார்மட் ஆணையைப் பயனர் தரவு அழிப்புத் தேர்வோடு கொடுத்தேன். ஐந்து நொடிகள் கூட ஆகவில்லை, முடிந்தது என்று வந்துவிட்டது. வன்தட்டுக்கு இரண்டு மணி நேரம் பிடித்த வேலை இதில் ஐந்து நொடியில் முடியுமா, அல்லது 2011 ஆய்வில் சொன்னதுபோல் வெற்றி என்று பொய் சொல்கிறதா?

மறுமொழி 7: மின்னேற்றம்

முடியும். வன்தட்டில் ஒவ்வொரு செக்டரையும் ஒரே தலை வரிசையாகப் போய் எழுத வேண்டும். ஃபிளாஷில் ஒரு தொகுதியை அழிப்பது சில மில்லிநொடி வேலை. பல சில்லுகளில் ஒரே நேரத்தில் அது நடக்கும். பல எஸ்.எஸ்.டி.கள் பயனர் கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் உள்ளே மறையாக்கம் செய்தே எழுதுவதால், பயனர் தரவு அழிப்பு கேட்டபோதும் திறவுகோலை மாற்றி முடித்துக்கொள்ள வரையறை இடமளிக்கிறது. உங்களுடையது எந்த வழியில் செய்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஐயம் தீராவிட்டால் வரிசையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: முழு இயக்ககத்தையும் தற்போக்கு எண்களால் ஒருமுறை நிரப்புங்கள், பிறகு அதே அழிப்பு ஆணையை மீண்டும் கொடுங்கள், அதன்பின் முகப்பிலும் நடுவிலும் இறுதியிலும் சில ஆயிரம் செக்டர்களைப் படித்துப் பாருங்கள். ஆணை ஏதும் செய்யாமல் வெற்றி என்று சொன்னால், நீங்கள் எழுதிய அதே எண்கள் திரும்பி வரும். அப்போதும் உங்கள் பழைய கோப்புகள் இருந்த இடங்களில் பெரும்பகுதி அந்த எண்களால் நிரம்பியிருக்கும்.

இரவுத்தட்டச்சு

அப்படியே செய்தேன். நிரப்புவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம், அழிப்புக்கு மீண்டும் ஐந்து நொடி. படித்த எல்லா இடங்களிலும் சுழியங்களே வந்தன. நான் எழுதிய எண்கள் எங்கும் இல்லை. இந்தச் சுழியங்களும் கட்டுப்படுத்தி சொன்ன விடைதான் என்பதை மறக்கவில்லை. ஆயினும் நான் கொடுக்கப்போகிறவர் சில்லைக் கழற்றுகிறவர் அல்லர் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். 2.5 அங்குலத் தட்டு நீங்கள் சொன்னதுபோல் கண்ணாடியாகவே இருந்தது. துணிக்குள் வைத்து உடைத்தாயிற்று.